'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' எடுத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' என்ற சோவியத் போர்ப்படத்தை எடுத்த இயக்குநர் யார்? அவ்வளவு பெரிய படம் எடுத்தவரின் பெயர் அதற்குப் பிறகு ஏன் காதில் விழவே இல்லை, ஒரே படத்தோடு தீர்ந்துபோனாரா? முதல் கேள்விக்கு ஒரு வரி போதும்: கிரிகோரி சுக்ராய். இரண்டாவது கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தீர்ந்துபோகவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் எடுத்த கதைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத்தான் எடுத்தார். மீதிச் சக்தியில் பெரும்பகுதியை மற்றவர்களின் படங்களுக்காகச் செலவழித்தார். அந்தப் பாதியைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

சுக்ராய் 1921 மே 23 அன்று மெலிட்டோபோலில் பிறந்தவர். இன்றைய கணக்கில் அது உக்ரைன். பொதுவாக 'ரஷ்ய இயக்குநர்' என்று சொல்லிவிடுகிறோம். படங்கள் ரஷ்ய மொழியில், மாஸ்கோவில் எடுத்தவை என்பதால் அது தவறில்லை. ஆனால் பிறந்த மண் அது. சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா கிளாவ்தியாதான் வளர்த்தார், சுக்ராய் என்ற குடும்பப் பெயரும் அவர் வழியில் வந்ததே. இவர் படங்களில் அம்மாக்கள் ஏன் அவ்வளவு கனமாக வருகிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

1939-இல் ராணுவத்துக்குப் போனார். தகவல் தொடர்புப் பிரிவில் வேலை, அதாவது தொலைபேசிக் கம்பி இழுப்பதும் வானொலிக் கருவி சுமப்பதும். பிறகு தானே கேட்டுப் பாராசூட் படையில் சேர்ந்தார். ஸ்டாலின்கிராடில் சண்டையிட்டார். 1943 செப்டம்பரில் நீப்பர் ஆற்றுப் பகுதியில், ஜெர்மானியர் வசமிருந்த நிலத்துக்குள் இரவில் குதித்த பாராசூட் வீரர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாக்குதல் சோவியத் ராணுவத்துக்குப் பெரிய அடி. குதித்தவர்கள் குறித்த இடத்தில் இறங்காமல் எங்கெங்கோ சிதறினார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. சுக்ராய் திரும்பினார். போரில் பலமுறை காயம்பட்டார். போர் முடிவதற்கு முன்பே, 1944-இல், இரினா பென்கோவாவைத் திருமணம் செய்துகொண்டார். கடைசிவரை அந்த ஒரு துணைதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. போர்ப்படம் எடுத்த இயக்குநர்கள் பலர் போரைத் தூரத்தில் இருந்து பார்த்தவர்கள். இவர் பதினெட்டு வயதில் உள்ளே போய், இருபத்து நான்கு வயதில் வெளியே வந்தவர். கூடப் போன பையன்களில் பெரும்பாலானோர் வரவில்லை. 'பாலட்' படத்தின் நாயகன் அல்யோஷாவும் தகவல் தொடர்புப் படைவீரன் என்பதைக் கவனித்திருப்பீர்களோ என்னவோ. திரும்பி வராத ஒருவனின் கதையைத் திரும்பி வந்த ஒருவர் சொல்கிறார்.

போருக்குப் பிறகு, 1946-இல், மாஸ்கோவில் உள்ள வ்கீக் என்ற அரசுத் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் செர்கெய் யூத்கேவிச், மிகாயில் ரோம். இந்த ரோம் என்ற மனிதரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பின்னாளில் பெயர்பெற்ற இயக்குநர்களான தார்கோவ்ஸ்கி, சுக்ஷின் எல்லாம் அவரிடம் படித்துத்தான் வந்தார்கள். படிப்பு முடிந்து கீவ் ஸ்டூடியோவில் உதவி இயக்குநராகச் சில வருடம் ஓடியது. சொந்தமாகப் படம் கிடைக்கும் வழி தெரியவில்லை. அப்போது ரோமும், மாஸ்கோவின் அரசு ஸ்டூடியோவான மாஸ்ஃபில்மின் தலைவராக இருந்த இவான் பிரியேவும் கைகொடுத்தார்கள். மாஸ்கோவுக்கு வந்தார்.

முதல் படம் 'நாற்பத்தொன்றாவது', 1956. போரிஸ் லவ்ரென்யோவின் குறுநாவல். 1927-இலேயே ஊமைப்படமாக வந்த கதை. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்ய உள்நாட்டுப் போர்க்காலம். செம்படை புரட்சியின் பக்கம், வெண்படை அதை எதிர்த்த பக்கம். மர்யூத்கா என்ற பெண் செம்படையின் குறிபார்த்துச் சுடும் வீராங்கனை, நாற்பது எதிரிகளைச் சுட்டவள். நாற்பத்தொன்றாவது குறி தப்புகிறது. தப்பிய அந்த வெண்படை அதிகாரி சிறைப்படுகிறான், அவனைத் தலைமையகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவளிடமே வருகிறது. படகு கவிழ்ந்து ஆரல் கடலின் ஒரு தீவில் இரண்டு பேரும் ஒதுங்குகிறார்கள். காய்ச்சலில் கிடப்பவனை அவள் காப்பாற்றுகிறாள். காதல் வருகிறது. ஒருநாள் தூரத்தில் ஒரு படகு தெரிகிறது, அதில் இருப்பவர்கள் அவனுடைய ஆட்கள். அவன் அதை நோக்கி ஓடுகிறான். உயிரோடு எதிரியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவளுக்கு இட்ட கட்டளை. சுடுகிறாள். சுட்ட கையோடு தண்ணீருக்குள் ஓடிப்போய், அவன் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, நீலக்கண்ணா என்று கதறுகிறாள்.

ஸ்டாலின் இறந்து மூன்றே வருடம் ஆகியிருந்த காலம் அது. வெண்படை அதிகாரி என்றால் திரையில் கொடூரனாகத்தான் இருக்க வேண்டும். சுக்ராய் அந்த வேடத்துக்கு ஓலெக் ஸ்த்ரிஷெனோவைப் போட்டார்: அழகன், படித்தவன், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்றவன். எதிரியை நேசிக்கத்தக்க மனிதனாகக் காட்டலாமா என்று ஸ்டூடியோவுக்குள் எழுந்த எதிர்ப்பு இங்கேதான். ஆனால் அவன் நேசிக்கத்தக்கவன் இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒரு பொருளும் இல்லை. வெறுக்கத்தக்கவனைச் சுடுவதில் என்ன துயரம் இருக்கிறது? மர்யூத்காவாக நடித்த இஸோல்தா இஸ்வீத்ஸ்கயாவின் முகத்தில் அந்தக் கடைசி நொடியில் பார்க்கும் அதிர்ச்சியை வேறு எந்தப் போர்ப்படத்திலும் நான் பார்த்ததில்லை. ஒளிப்பதிவு செர்கெய் உருசெவ்ஸ்கி. அடுத்த வருடம் 'கொக்குகள் பறக்கின்றன' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். பாலைவன மணலின் மஞ்சளும் கடலின் நீலமும் அவர் கையில் கதாபாத்திரங்களாகவே ஆகிவிட்டன. 1957 கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசு. கதையில் வரும் ஆரல் கடல் பின்னாளில் பெரும்பகுதி வற்றிப்போனது. இன்று படத்தைப் பார்க்கும்போது அதுவும் சேர்ந்து வலிக்கிறது.

இனி 'பாலட்'. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதனால் கதையை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. பத்தொன்பது வயது அல்யோஷா ஸ்க்வோர்த்சோவ் பயத்தில் ஓடி, ஓட வழியில்லாமல் திரும்பிச் சுட்டு, இரண்டு டாங்கிகளை அழிக்கிறான். பயந்துவிட்டேன் என்று தளபதியிடம் ஒளிக்காமல் சொல்கிறான். பதக்கம் வேண்டாம், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், சரிசெய்ய வேண்டும் என்கிறான். ஆறு நாள் விடுப்பு: போக இரண்டு, வர இரண்டு, கூரைக்கு இரண்டு. அந்த ஆறு நாளும் வழியில் பார்த்தவர்களுக்காகவே கரைந்துபோகிறது. கடைசியில் அம்மாவோடு இருக்கக் கிடைப்பது சில நிமிடம்.

வாலன்தின் யெஷோவும் சுக்ராயும் சேர்ந்து எழுதிய இந்தத் திரைக்கதையில் ஒரு துணிச்சல் இருக்கிறது. படம் தொடங்கும்போதே அம்மா ஊர் எல்லைச் சாலையில் நிற்கிறாள். அவள் மகன் திரும்பி வரவில்லை, தூரதேசத்தில் புதைந்திருக்கிறான் என்று குரல் சொல்லிவிடுகிறது. அங்கே அவன் கல்லறைக்கு முன்பின் தெரியாதவர்கள் பூ வைக்கிறார்கள், அவனை வீரன் என்கிறார்கள். அவளுக்கு அவன் மகன், அவ்வளவுதான். முடிவை முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இனி 'பிழைப்பானா' என்ற பதைப்பு நமக்கு இல்லை. அதனால் நம் கண் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்பதிலேயே தங்குகிறது. ஒரு சோப்புக்கட்டி கூடப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தச் சோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்முனைக்குப் போகும் படைவீரன் ஒருவன் தன் மனைவிக்கு ஏதாவது கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறான். அந்தப் பிரிவில் இருப்பதே இரண்டு சோப்புக்கட்டி. தோழர்கள் சேர்ந்து அதை வாங்கிக் கொடுக்கிறார்கள். அல்யோஷா அந்த வீட்டைத் தேடிப் போகிறான். அவள் வேறு ஒருவனோடு வாழ்கிறாள். அவன் சோப்பை வைத்துவிட்டு வெளியே வருகிறான். படியிறங்கியவன் திரும்பி ஏறிப் போய், அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டு வருகிறான். பிறகு அந்த வீரனின் நோயாளி அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் கொடுக்கிறான். வசனம் அதிகம் கிடையாது. திரும்பி ஏறும் அந்தக் காலடிகளில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் நேர்மை, கோபம், தோழனுக்குப் பட்ட வலியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வது எல்லாம் இருக்கிறது. முழுப் போரையும் இரண்டு சோப்புக்கட்டியில் காட்டிய இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

ஒற்றைக் காலோடு ஊர் திரும்பும் வாஸ்யாவையும் மறக்க முடியாது. மனைவி தன்னை ஏற்பாளா என்ற பயத்தில், வர மாட்டேன் என்று தந்தி கொடுக்கப் பார்க்கிறான். தந்தி அலுவலகப் பெண் அவனைக் கண்டபடி திட்டுகிறாள். அந்த வேடத்தில் யெவ்கேனி உர்பான்ஸ்கி. மொத்தம் சில நிமிடம்தான் வருகிறார், ஆனால் படம் முடிந்த பிறகும் கூடவே வருகிறார்.

படம் எடுத்த கதையும் லேசானதில்லை. முதலில் ஸ்த்ரிஷெனோவை வைத்துத்தான் படப்பிடிப்பு தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நாளில் சுக்ராய் டைபாய்டில் விழுந்தார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது ஒன்று தெளிவானது: தேர்ந்தெடுத்த நடிகர்கள் இந்தக் கதைக்கு வயதில் பெரியவர்கள். போருக்குப் போனவர்கள் பிள்ளைகள். திரையில் தெரிய வேண்டியவர்களும் பிள்ளைகளே. எழுந்து வந்து இரண்டு முக்கிய வேடங்களையும் மாற்றினார். அல்யோஷாவாக வந்த விளதீமிர் இவஷோவ், வழியில் அவன் சந்திக்கும் பெண்ணாக வந்த ஷான்னா புரோஹரென்கோ இருவருமே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், இருபது வயதைத் தொடாதவர்கள். எடுத்ததைக் கழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறேன் என்று ஒரு ஸ்டூடியோவிடம் போய் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று சினிமாவில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஸ்த்ரிஷெனோவ் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

எதிர்ப்பு வேறு வடிவில் வந்தது. இதில் வீரம் எங்கே, வெற்றி எங்கே, விடுப்பில் வீட்டுக்குப் போகும் பையனின் சின்னக் கதையை வைத்தா பெரும் போரைச் சொல்வது என்று கேட்டார்கள். முன்னணியில் கணவன் இருக்க மனைவி வேறொருவனோடு வாழ்வதைக் காட்டுவது படையை இழிவுபடுத்துவது என்றும் சொன்னார்கள். பெரிய நகரங்களில் முதலில் தாராளமாகத் திரையிட விடவில்லை என்று சுக்ராய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மக்கள் பார்த்தார்கள், பிறகு உலகமே பார்த்தது. 1960-இல் கானில் பரிசு, சான்பிரான்சிஸ்கோ விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்குநர். 1961-இல் லெனின் பரிசு. பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த படம். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு சோவியத் படத்தின் எழுத்துக்கு அமெரிக்காவில் அந்த மரியாதை. இவ்வளவும் 89 நிமிடக் கறுப்புவெள்ளைப் படம் ஒன்றுக்கு.

அம்மா ஓடிவரும் கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். வயலில் வேலை செய்துகொண்டிருப்பவள் பயிருக்குள் விழுந்தடித்து ஓடிவருகிறாள். வண்டி நிற்கிறது. அவனுக்கு நேரமில்லை. மகனின் முகத்தைத் தொட்டுப் பார்த்து, சவரம் செய்ய ஆரம்பித்துவிட்டாயா, புகை பிடிக்கிறாயா என்று கேட்கிறாள். உலகப் போரின் நடுவே ஒரு அம்மாவுக்குக் கேட்கத் தோன்றுவது அதுதான். கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கப் போகிறது.

இந்த இடத்தோடு பலர் சுக்ராயை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்த படத்தைத்தான் அவருடைய மிகத் துணிச்சலான படம் என்று சொல்வேன்: 'தெளிந்த வானம்', 1961. ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பிய சோவியத் விமானியின் கதை. சரணடையும் தளபதிகளைத் துரோகிகளாகக் கருத வேண்டும் என்ற 270-ஆம் எண் உத்தரவு 1941 ஆகஸ்டில் வந்தது. போர் முடிந்து முகாம்களில் இருந்து திரும்பியவர்களைச் சந்தேகம் விடாமல் துரத்தியது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன், உயிரோடு இருந்த குற்றத்துக்காக ஒதுக்கப்பட்டான். திரையில் இதை வெளிப்படையாகப் பேசிய முதல் சில படங்களில் இது ஒன்று. விமானி அஸ்தஹோவாக உர்பான்ஸ்கி, அவனை விடாமல் தாங்கும் பெண்ணாக நீனா துரோபிஷெவா.

அதில் ஒரு காட்சி. போர்க்காலம். முன்னணிக்குப் போகும் ரயில் ஒன்று அந்த ஊர் நிலையத்தைக் கடக்கப்போகிறது என்ற செய்தி கிடைத்து ஊர்ப் பெண்களெல்லாம் நடைமேடைக்கு ஓடுகிறார்கள். கணவனை, அண்ணனை, மகனை ஒரு நொடி பார்க்கலாம் என்று. ரயில் வருகிறது. நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. முகங்களும் கைகளும் அலறலும் ஒன்றோடொன்று கலந்து ஓடி முடிகின்றன, நடைமேடை வெறுமையாகிறது. என் மனதில் சுக்ராய் என்றால் முதலில் வரும் படிமம் இதுதான், 'பாலட்' கூட அதற்கு அடுத்ததுதான்.

ஸ்டாலினின் மரணத்துக்குப் பிறகு ஆற்றுப் பனி உடைந்து நகர்வதைக் காட்டுவார். கொஞ்சம் வெளிப்படையான குறியீடு என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடம் படத்தின் மற்றப் பகுதிகளைவிட உரத்துத்தான் கேட்கிறது. ஆனால் பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் முதன்முறை பேசும்போது குரல் உயர்வது இயல்பு. முடிவில் அஸ்தஹோவ் அமைச்சகத்தில் இருந்து வெளியே வருகிறான். பேசவில்லை. மூடிய உள்ளங்கையைத் திறக்கிறான், அதில் திருப்பிக் கொடுத்த நட்சத்திரப் பதக்கம். 1961 மாஸ்கோ விழாவில் பெரும்பரிசை இந்தப் படம் ஜப்பானின் கனேதோ ஷிண்டோ எடுத்த 'நிர்வாணத் தீவு' படத்தோடு பகிர்ந்துகொண்டது. நான்கு வருடம் கழித்து, 1965-இல், வேறு ஒரு படத்தின் சாகசக் காட்சியில் உர்பான்ஸ்கி இறந்துபோனார். வயது 33.

இப்போது, மற்றவர்களின் படங்களுக்காக அவர் உழைத்த அந்த இன்னொரு பாதிக்கு வருகிறேன்.

1963 மாஸ்கோ திரைப்பட விழா. நடுவர் குழுத் தலைவர் சுக்ராய். குழுவில் அமெரிக்காவின் ஸ்டான்லி கிரேமர், பிரான்ஸின் ழான் மரே, நம் சத்யஜித் ராய் ஆகியோரும் இருந்தார்கள். போட்டியில் இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் 'எட்டரை'. அந்த வருடத்தின் சூழலை நினைத்துப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன்புதான் சோவியத் தலைவர் குருஷேவ் கலைஞர்களைக் கூட்டி வைத்துக் கடுமையாகப் பேசியிருந்தார். சோவியத் இயக்குநர் மார்லென் குட்சியேவின் படத்தை அவர் வெளிப்படையாகத் தாக்கிப் பேசியிருந்தார். புரியாத படம், நம்பிக்கை தராத படம் என்றெல்லாம் ஒதுக்கித் தள்ளும் மனநிலை மேலிடத்தில் இருந்தது. ஒரு முதலாளித்துவ நாட்டு இயக்குநர், தன் அடுத்த படத்தை எடுக்க முடியாமல் குழம்புவதைப் பற்றி எடுத்த படத்துக்கு மாஸ்கோவில் பெரும்பரிசா?

கொடுத்தார். நடுவர் குழுவுக்குள் பெரிய பிளவு இருந்தது. சோஷலிச நாடுகளின் நடுவர்கள் சிலர் எதிர்த்தார்கள், மறுபக்கத்தினர் வெளியேறவே தயாரானார்கள். மேலிட அழுத்தம் முழுக்கத் தலைவர் தலையில். ஒதுங்கி வாக்களித்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உண்மையைத் தேடும் ஒரு கலைஞனின் மனப்போராட்டம் என்ற பொருளில் பரிசுக் குறிப்பை அமைத்து, 'எட்டரை'க்கே பெரும்பரிசு என்று நின்றார். மூன்று வருடம் முன்பு, 1960 கானில், இவருடைய 'பாலட்' போட்டியில் இருந்தபோது விழாவின் முதல் பரிசான தங்கப் பனை போனது இதே ஃபெல்லினியின் 'லா டோல்சே வீட்டா'வுக்கு. தான் எடுக்கும் படங்களுக்கு நேரெதிரான ஒரு படத்துக்காக, தன் நாட்டு அதிகாரிகளோடு அவர் மோதினார். சுக்ராயின் கலை நேரானது, எளியது. ஃபெல்லினியுடையது கனவும் சுழலும். தனக்குப் பிடித்த வகையா என்று பார்க்காமல் பெரிய கலை என்பதை அடையாளம் கண்டு அதற்காகத் தன்னைப் பணயம் வைக்க எத்தனை இயக்குநர்களால் முடியும்? அவருடைய படங்களுக்குச் சமமாக இதையும் வைக்கிறேன்.

1965-இல் இன்னொரு காரியம் தொடங்கினார். சோவியத் நாட்டில் இயக்குநருக்கும் எழுத்தாளருக்கும் கிடைக்கும் பணம், படத்துக்கு அதிகாரிகள் கொடுக்கும் தரவரிசையைப் பொறுத்தது. அரங்கு நிறைந்ததா காற்று வாங்கியதா என்பது பெரிய பொருட்டில்லை. இதை மாற்றிக் காட்டலாம் என்று சுக்ராயும், பழுத்த அனுபவம் உள்ள நிர்வாகி விளதீமிர் போஸ்னரும் சேர்ந்து மாஸ்ஃபில்மிலேயே ஒரு பரிசோதனை ஸ்டூடியோவை அமைத்தார்கள். நிரந்தரச் சம்பளப் பட்டியல் கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் ஒப்பந்தம். படைத்தவர்களின் வருமானம் எத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள் என்பதோடு இணைந்தது. பிரதமர் கோசிகின் தலைமையில் பொருளாதாரச் சீர்திருத்தம் பேசப்பட்ட காலம் என்பதால் இந்த யோசனைக்கு இடம் கிடைத்தது.

அந்த ஸ்டூடியோவில் இருந்து வந்தவற்றைப் பாருங்கள். விளதீமிர் மோத்திலின் 'பாலைவனத்தின் வெண்சூரியன்', 1970. விண்வெளிக்குப் புறப்படும் முன் ரஷ்ய விண்வெளி வீரர்கள் இன்றும் பார்த்துவிட்டுக் கிளம்பும் படம். மோத்தில் அப்போது முந்தைய படத்தால் மேலிடத்தின் அதிருப்தியில் இருந்தவர். அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது இந்த ஸ்டூடியோதான். லியோனித் கைதாயின் 'இவான் வசீலியெவிச் தொழில் மாறுகிறார்', 1973. வெளியான காலத்திலேயே சுமார் 6 கோடிப் பேர் பார்த்த நகைச்சுவை. நிகிதா மிகல்கோவின் 'காதலின் அடிமை'யும் இங்கே உருவானதே. இவற்றில் எதிலும் சுக்ராய் இயக்குநர் இல்லை. 'ஏன் அவர் பெயர் கேட்கவில்லை' என்றீர்களே, அவர் பெயர் இல்லாமலே அவர் உழைப்பு கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நன்றாக ஓடிய அந்த ஸ்டூடியோ பத்து வருடம்தான் நீடித்தது. நல்ல படமும் வந்தது, பணமும் வந்தது. ஆனால் எது நல்ல படம் என்பதை அதிகாரிகள் தீர்மானிக்கும் அமைப்புக்குள், மக்கள் தீர்மானிக்கும் ஒரு மூலை நெடுநாள் இருக்க முடியவில்லை. 1970-களின் நடுவில் அதை மூடினார்கள். சுக்ராய்க்கு இது பெரிய இழப்பு.

இடையில் தன் படங்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1965 வாக்கில் 'ஒரு கிழவரும் கிழவியும் இருந்தார்கள்'. எழுதியவர்கள் யூலி துன்ஸ்கி, வலேரி ஃபிரித். ஸ்டாலின் காலத்தில் பத்து வருடம் முகாமில் கழித்த இரு நண்பர்கள். வீடு தீயில் போன வயதான தம்பதி வடகோடியில் இருக்கும் மகளைத் தேடிப் போகிறார்கள். போனால் மகள் கணவனையும் குழந்தையையும் விட்டுப் போயிருக்கிறாள். மருமகனோடும் பேத்தியோடும் அங்கேயே தங்குகிறார்கள். படம் நடுவில் கொஞ்சம் தளர்கிறது. ஆனால் கிழவியாக நடித்த வேரா குஸ்னெத்ஸோவாவுக்காகப் பார்க்கலாம்.

1971-இல் 'நினைவு' என்ற ஆவணப்படம். ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, ஸ்டாலின்கிராட் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். முப்பது வருடம்கூட ஆகவில்லை. பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நகரத்தில் நண்பர்களைப் புதைத்த ஒருவர் அந்தப் பதில்களைக் கேட்டு எப்படித் தாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன்.

கடைசிக் கதைப்படம் இத்தாலியோடு சேர்ந்து 1979-இல் எடுத்த 'வாழ்க்கை அழகானது'. ஜான்கார்லோ ஜன்னீனி, ஓர்னெல்லா முத்தி என்று பெரிய பெயர்கள், ஆனால் சுக்ராயின் கை அதில் தெரியவில்லை. அதற்குச் சற்று முன்பு வந்த 'சேறு' படத்தைத்தான் எல்லோரும் தேடிப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். 'வழக்கமில்லாத கதை' என்ற பெயரிலும் அது அறியப்படுகிறது. எழுதியவர் விக்தர் மெரெஷ்கோ. போரில் கணவனையும் மூத்த மகனையும் பறிகொடுத்த கிராமத்துப் பெண், இளைய மகனையும் போருக்குக் கொடுக்க மறுத்து, வீட்டு மச்சில் ஒளித்து வைக்கிறாள். நோன்னா மோர்த்யுகோவாவின் நடிப்பு. அந்தப் பெண் கெட்டவள் இல்லை, கோழை இல்லை. ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தவள். ஊரெல்லாம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அழும்போது இவள் மட்டும் பொய்யோடு வாழ வேண்டியிருக்கிறது. மேலே ஒளிந்திருப்பவன் நாளாக ஆக மனிதத் தன்மையை இழக்கிறான். படைவிட்டு ஓடியவனைப் பற்றிய படம் என்பதால் இதையும் நிம்மதியாக வெளிவர விடவில்லை.

இருபது வருட இடைவெளியில் ஒரே மனிதர் இந்த இரண்டு அம்மாக்களையும் படைத்தார். 'பாலட்'டில் மகனை அனுப்பிவிட்டுச் சாலையில் நிற்பவள். இங்கே அனுப்ப மறுத்தவள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, 'அந்த அம்மா அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கக் கூடாதா' என்று தோன்றாதவர் யார்? அந்த ஏக்கத்தையே எடுத்து, பிடித்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் கடைசிவரை யோசித்திருக்கிறார். போருக்குப் போனவர் ஒருவர் அந்தத் தாயைத் தூற்றாமல் எடுத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1981-இல் சோவியத் மக்கள் கலைஞர் பட்டம் கிடைத்தது. கடைசி வருடங்களில் படம் எடுப்பதை விட்டு எழுத உட்கார்ந்தார். 'என் போர்', 'என் சினிமா' என்ற இரண்டு நினைவு நூல்கள் அவர் இறந்த காலத்தை ஒட்டி வெளிவந்தன. 2001 அக்டோபர் 28 அன்று மாஸ்கோவில் மறைந்தார், வயது 80. மகன் பாவெல் சுக்ராயும் இயக்குநர். அவர் 1997-இல் எடுத்த 'திருடன்' வெளிநாட்டுப் படப் பிரிவில் ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆனது. அப்பா போரில் இறந்துபோன ஒரு சிறுவன், ராணுவச் சீருடையில் வந்த ஏமாற்றுக்காரனை அப்பாவாக நம்பும் கதை. அல்யோஷா உயிரோடு இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைகளின் கதை என்று அதை எனக்குப் பார்க்கத் தோன்றும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால்: 'பாலட்'டை மறுபடி ஒருமுறை பாருங்கள், இந்தத் தடவை சோப்புக்கட்டியின் பின்னாலேயே போங்கள். அடுத்து 'தெளிந்த வானம்', அந்த ரயில் நிலையக் காட்சிக்காக. 'நாற்பத்தொன்றாவது' படத்தை முடிந்தால் பெரிய திரையில், நல்ல வண்ணப் பிரதியில் பாருங்கள். 'சேறு' படத்துக்கு நல்ல பிரதி கிடைப்பது கொஞ்சம் கடினம், தேடினால் கிடைக்கும். அதை மட்டும் 'பாலட்' பார்த்த அதே வாரத்தில் பாருங்கள், அந்த முதல் அம்மாவின் முகம் மறப்பதற்குள்.